வேறு ஏதாவது புண்

பிப்ரவரி 11

குழாய்க்காரர் வந்து அடுப்படிக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். போவதற்குள் கூப்பிட்டு, இன்னும் சொட்டுகிறது என்று காட்டினேன். "பாட்டி, உங்க கண்ணுல இருந்து எதுவும் தப்பாது போலிருக்கே" என்றார். தப்பாதுதான். தையல் ஆலையில் செக்கிங் மேசையில் காலம் தள்ளியவள் நான். சட்டையை உள்புறமாகத் திருப்பி, காலர், தோள், அக்குள், கை, பட்டன் பட்டி, கீழ்மடிப்பு என்று வரிசை மாறாமல் பார்ப்பேன். நான் சரி என்று வைத்த சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. படித்தது ஐந்தாம் வகுப்புதான். அதனால் என்ன?

மகன் இன்றும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். லிஃப்ட் மெக்கானிக் வேலை, வெயிலில் மொட்டை மாடிக்கும் லிஃப்ட் இறங்குகிற பள்ளத்துக்கும் அலைகிற அலுப்பு என்கிறான். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறான். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு அவனுக்கு.

பிப்ரவரி 15

பொடிசு விடவில்லை. மகனுடைய ஒரே மகள். கல்யாண வயது வந்தும் வீட்டில் இன்னும் பொடிசுதான். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை. எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள். இந்தக் கட்டடத்தில் யாருக்காவது அது தெரியாமல் இருந்தால் குற்றம் என்னுடையது அல்ல, எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையிலேயே அப்பன் கையில் ரப்பரைக் கட்டி ரத்தம் எடுத்தாள்.

"பெத்த அப்பனையே குத்துறியேடி."

"கொசு குத்தினா மட்டும் பேசாம இருக்கே. கையை நீட்டு."

மருமகள் சிரித்தாள். நானும்.

பிப்ரவரி 18

ரத்தம் ரொம்பக் குறைவாம். எங்கேயோ உள்ளே கசிகிறது என்று டாக்டர் சொல்கிறார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 3

குடலில் கட்டி. புற்று.

எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன்.

மார்ச் 22

ஆபரேஷன் முடிந்தது. சர்ஜன் பச்சைத் தொப்பியோடு வெளியே வந்து, "கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்தாச்சும்மா" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மருமகள்தான் பிரித்துவிட்டாள். "அத்தை, அடுத்த ஆளுக்கும் அந்தக் கை வேணும்" என்றாள். இப்படியெல்லாம் பேசத் தெரியும் என்பதே இத்தனை வருடம் கழித்து இன்றுதான் எனக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 24

பொடிசு வேலையிலிருந்து வந்ததும் நேரே என் அறைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சி.ஆர்.பி. என்று ஒன்று இருக்கிறதாம் ரத்தத்தில். பத்துக்குள் இருக்க வேண்டியது நாற்பத்தொன்று இருக்கிறது. அல்புமின் என்று இன்னொன்று. மூன்றரைக்குக் குறையக் கூடாது. மூன்றுகூட இல்லை.

"ஆபரேஷன் பண்ணினதும் ஏறத்தான் செய்யும் பாட்டி. ஆனா இத்தனை நாள்ல இறங்கியிருக்கணும்."

"அது என்னத்தைச் சொல்லுது?"

"உடம்புக்குள்ள எங்கயோ சண்டை நடக்குதுன்னு சொல்லும். எங்கன்னு சொல்லாது."

"கட்டியைத்தான் எடுத்தாச்சே. இன்னும் யாரோட சண்டை?"

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். இந்தக் குடல் வியாதி வந்தவர்களை நிறையப் பேரைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களாம். ஒன்று ஏறி மற்றது இறங்கினவர்கள், மற்றவர்களைவிடக் குறைந்த காலம்தான் இருந்திருக்கிறார்களாம்.

"அந்த நிறையப் பேர்ல உங்கப்பன் இருந்தானா?"

"இல்ல பாட்டி."

"அப்புறம் என்ன?"

"அது கூட்டத்துக்குச் சரியா வரும். ஒரு ஆளைக் காட்டி இவருக்கு இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"அப்படிச் சொல்லு!"

"வேற காரணமும் இருக்கலாம். சளி, மூத்திரக் கடுப்பு, பல்லு... வேற ஏதாவது புண்ணு இருந்தாலும் ஏறும்."

வேறு ஏதாவது புண். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றுதானே டாக்டரும் சொன்னார். அப்படியானால் வேறு புண்தான். இருக்கட்டும். கடவுளே, என் பிள்ளை உடம்பில் எங்கேயாவது ஒரு புண் இருக்கட்டும்.

பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது?

ஏப்ரல் 25

காலை வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன். தலையில் தொடங்கினேன். முடியை வகிர்ந்து பார்த்தேன். காதுக்குப் பின்னால், கழுத்து, தோள், அக்குள், முழங்கை, விரல் இடுக்கு. ஆலையில் எந்த வரிசையோ அதே வரிசை. வயிற்றில் ஆபரேஷன் தழும்பு ஒழுங்காக ஆறியிருக்கிறது. நல்ல தையல். அந்தச் சர்ஜனை எங்கள் ஆலையில் யோசிக்காமல் சேர்த்துக்கொள்வார்கள்.

கால் பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாகவா ஒரு உடம்பு இருக்கும்?

"வாயைத் திற."

"அம்மா, மாடு வாங்க வந்தவ மாதிரி பாக்குறே."

"திறடா."

ஒவ்வொரு பல்லாக விரலால் தட்டினேன். இது வலிக்குதா? இல்ல. இது? இல்ல. கீழ்வரிசைக் கடைவாயில் ஒரு பல் கறுத்திருந்தது. ஈறும் கொஞ்சம் சிவப்பு.

"இது? நல்லா யோசிச்சுச் சொல்லு. வலிக்குதுதானே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதும்மா."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"அடப்பாவி! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"திறந்துட்டுத்தானே இருக்கேன்."

மருமகள் வேலைக்குப் புடவை கட்டிக்கொண்டு கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பேக்கரியில் காலை நேரத்தில் கூட்டமாக இருக்கும் என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 28

பல் டாக்டர் சின்னப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சொத்தை ஆழமா இருக்கு. வேர்ல கொஞ்சம் சீழ் பிடிச்சிருக்கலாம். எடுத்துடலாம், இல்ல கொஞ்ச நாள் விட்டும் பாக்கலாம்" என்றாள்.

"சீழா? நிஜமாவா?" என்று கேட்டேன்.

"சீழ்னு சொன்னதும் இவ்வளவு சந்தோஷப்படுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்தாள்.

எடுக்கச் சொல்லிவிட்டேன். கன்னம் வீங்கி, பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் என்னால் பேச்சை நிறுத்த முடியவில்லை. அவனால் பேசவே முடியவில்லை. நல்ல ஜோடி.

மே 3

புற்று திரும்பி வராமல் இருக்க இந்த வாரம் தொடங்க வேண்டிய மருந்து ஊசியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பல் எடுத்த குழி ஆறாமல் அந்த மருந்து ஏற்றக் கூடாதாம். ஆறட்டும். அவசரம் என்ன?

மே 7

காலையும் மாலையும் முட்டை கொடுக்கிறேன். அல்புமின் என்பது முட்டை வெள்ளையில் இருக்கிற சரக்குதான் என்று பொடிசு ஒருநாள் சொல்லியிருந்தாள். இன்று அவளே, "முட்டை நல்லதுதான் பாட்டி. ஆனா சாப்பாடு பத்தாததால மட்டும் அது குறையறதில்ல" என்கிறாள்.

"பின்னே?"

"வீட்டுல தீ பிடிச்சா அடுப்புல இருக்கறதை அப்படியே விட்டுட்டு எல்லாரும் தண்ணி ஊத்தத்தானே ஓடுவோம்? ஈரலும் அப்படித்தான். சண்டை நடந்தா அல்புமின் பண்றதை விட்டுட்டு அந்த வேலைக்குப் போயிடும்."

"தீயைத்தான் பிடுங்கிப் போட்டாச்சே" என்றேன், பல்லை நினைத்து. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வேலை அலுப்பு, பாவம்.

மே 17

இருபத்திரண்டு! நாற்பத்தொன்று இருபத்திரண்டு ஆகிவிட்டது!

யார் கண்டுபிடித்தது? ஸ்கேன் மெஷினா? இந்தக் கைதான். மாடிப்படியில் எதிரே வந்த எல்லோரிடமும் சொன்னேன். எதிர்வீட்டு வாத்தியாரம்மாவை நிறுத்தி முழுக்கதையும் சொன்னேன். பொடிசு மட்டும், "இன்னும் பத்துக்குள்ள வரலையே, கொஞ்சம் பொறு பாட்டி" என்றாள். இவளுக்கு எப்போதும் சுருதி இறக்கியே பேச்சு.

மருமகள் பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்தாள். "உங்க அம்மா செக்கிங்ல பாஸ் பண்ணிட்டாங்களாம், இனி உங்களைப் பெட்டியில போட்டு அனுப்பிட வேண்டியதுதான்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, சொன்ன சொல் என்னவென்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன்தான் அதிகம் சிரித்தான்.

ஜூன் 6

இரண்டாவது ஊசியும் முடிந்தது. வாந்தி. ஆனாலும் வேலைக்கு அரை நாள் போய் வந்தான். கையில் கிரீஸ் கறையோடு சாப்பிட உட்கார்ந்தான். கழுவிவிட்டு வா என்று திட்டினேன். எவ்வளவு நாள் ஆயிற்று அவனைத் திட்டி.

ஜூலை 9

பொடிசு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் வராமல். குப்பை கொட்டப் போன நான் பார்த்தேன்.

"எண்பத்தெட்டு பாட்டி."

"மறுபடி போடு."

"போட்டேன்."

"மெஷின் கெட்டுப் போயிருக்கும்."

"வேற மெஷின்லயும் போட்டேன்."

"அப்போ வேற புண்ணு. இன்னொரு பல்லா இருக்கும். காலை சரியா பாக்கல நான், முதுகுல—"

"பாட்டி, நிறுத்து."

நிறுத்தவில்லை நான். இடுப்பு, தொடை, எதை எதையோ சொல்லிக்கொண்டே போனேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அன்னிக்கே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு பாட்டி. வேற புண்ணா இருக்கலாம்னு சொன்னது பொய்யில்ல. ஆனா அப்படி இருக்காதுன்னு தோணுச்சு. உன் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியல. பல்லால இறங்கியிருக்காது. ஆபரேஷன் புண்ணு ஆறினதால இறங்கியிருக்கும்."

குப்பைக் கூடையோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். கொட்ட மறந்துவிட்டது.

ஜூலை 10

அவன் தூங்கி எழுந்ததும் நாற்காலியை மறுபடி ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டேன். மருமகள் வந்து அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை, போதும்."

"நீ எழுந்திரு."

"எழுந்திரிக்க மாட்டேன். அவர் உங்க புள்ள மட்டும் இல்ல. நீங்க அவரைத் திருப்பித் திருப்பிப் பாக்குறப்ப என்னால பாக்க முடியல. அவர் சட்டை இல்ல அத்தை."

என்னிடம் இப்படி யாரும் பேசினதில்லை. எனக்குக் கோபம் வரவேண்டும். எங்கே போச்சு கோபம்? பக்கத்துல உக்காந்துட்டேன். அவ கைய எடுத்து என் மடியில வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 15

ஈரலில் வந்துவிட்டது. ஒன்றிரண்டு இல்லை, நிறைய.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "அந்தப் பல்லால மருந்து தள்ளிப் போச்சே. அதனாலயா?"

"இல்லம்மா. அந்தக் கொஞ்ச நாள்ல இது வந்ததில்ல. முன்னாடியே இருந்திருக்கு, ஸ்கேன்ல தெரியற அளவுக்கு இல்ல. ரத்தம் முதல்லயே சொல்லியிருக்கு."

சொல்லும்போது அவர் என்னை நேராகத்தான் பார்த்தார். நம்ப வேண்டும். நம்ப முடியவில்லை. வரிசையாகத்தானே பார்த்தேன். ஒரு இடம் விடாமல் பார்த்தேனே. தோலுக்கு உள்புறம் திருப்பிப் பார்க்க எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 21

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். கண் மஞ்சள்.

அக்டோபர் 5

எதிர்வீட்டு வாத்தியாரம்மா, "உங்க மகன் இப்ப நல்லா இருக்காரில்ல? அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்களே" என்று கேட்டார்கள். இருக்கான் என்றேன். இருக்கிறான்தானே.

அக்டோபர் 30

மருமகள் வேலையை விட்டுவிட்டாள். பகலில் அவள் அவனுக்குத் தலை வாரி விடுகிறாள். வாருவதற்கு முடி அதிகம் இல்லை. ஆனாலும் நேரம் எடுத்து வாருகிறாள். நான் அந்த நேரத்தில் அடுப்படியில் இருந்துவிடுகிறேன்.

நவம்பர் 8

இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தான். கஞ்சி இரண்டு கரண்டி இறங்கியது.

"அம்மா, அந்தப் பல்லு..."

"என்னடா, வலிக்குதா?"

"இல்லாத பல்லு எப்படிம்மா வலிக்கும்?" சிரித்தான். சிரித்தால் மூச்சு வாங்குகிறது. "அது வலிச்சதே இல்லம்மா."

"என்னடா சொல்றே?"

"நீ தட்டினப்ப வலிக்கல. அதுக்கு முன்னாடியும் வலிச்சதில்ல. நீ அவ்வளவு ஆசையா கேட்டே. இல்லன்னு சொல்ல மனசு வரல."

"அதுக்காக நல்ல பல்லைப் பிடுங்க விட்டியாடா?"

"நல்ல பல்லு இல்ல, சொத்தைதான். விடு. அன்னிக்கு வழியெல்லாம் எவ்வளவு பேசிட்டு வந்தே நீ. அப்பா போனப்புறம் நீ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. அதுக்கு ஒரு பல்லு கொடுக்கலாம்."

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாயில புடவையைத் திணிச்சுக்கிட்டு நின்னேன். ஏன்டா. ஏன்டா ராசா. உன் வாய்க்குள்ள கையை விட்டுப் பாத்தேனே, உன் மூஞ்சியைப் பாத்திருக்கக் கூடாதா நான்?

நவம்பர் 19

வீட்டுக்கே நர்ஸ் வந்து ரத்தம் எடுக்கிற நாள். போன தடவை வரை நான்தான் கதவைத் திறந்து, "ரிசல்ட் எப்பம்மா வரும்?" என்று முதல் கேள்வி கேட்பேன்.

ரப்பரைக் கட்டினாள். கையில் சதையே இல்லை, ரப்பர் வழுக்குகிறது. நரம்பு கிடைக்கவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தாள். அவன் நர்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தானே, அதே பார்வை. நான் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லத் தயாராக இருக்கிற பார்வை.

இந்தத் தடவை நான் முகத்தைப் பார்த்தேன்.

"வேண்டாம்மா. எடுக்காதீங்க" என்றேன்.

நர்ஸ் பொடிசைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். மருமகள் தலையாட்டினாள். பொடிசு வந்து ரப்பரை அவளே அவிழ்த்து, கட்டிய இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

"அப்பாடா" என்றான். தூங்கிவிட்டான்.

டிசம்பர் 4

விடிந்து வெளிச்சம் வந்த பிறகு. மூன்று பேரும் பக்கத்தில் இருந்தோம். கஷ்டப்படவில்லை.

டிசம்பர் 5

டிசம்பர் 17

எழுத எடுத்தேன். ஒன்றும் இல்லை.

ஜனவரி 12

அவன் போனபின் பொடிசு இன்றுதான் வேலைக்குப் போனாள். வெள்ளைக் கோட்டை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்து சாப்பிட உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"ஒரு ரத்த டியூப் வந்துச்சு பாட்டி. குடல் ஆபரேஷன் ஆன ஆளு. சி.ஆர்.பி. அறுபது. அல்புமினும் குறைவு. திரும்பப் போட்டுப் பாத்தேன். அதேதான்."

மருமகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"வெளியே லேப் ஜன்னல்கிட்ட ஒரு அம்மா நின்னுட்டிருந்தாங்க. அந்த ஆளோட அம்மா. ரிசல்ட் எப்ப வரும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நாலு மணிக்கு வரும்னு சொன்னேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ரிசல்ட் அப்பவே என் கையிலதான் இருந்துச்சு பாட்டி. அவங்க சரின்னுட்டு வெளியே பெஞ்சுல போய் உக்காந்தாங்க. பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரிச்சுத் தின்னாங்க. நான் பாத்துட்டே இருந்தேன். தப்பா பாட்டி?"

அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.